ஹிபா மொழிபெயர்த்தது

1

இந்தக் கதை நான் தேடிக் கண்டுபிடித்தது அல்ல, பிடுங்கியது. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் கிறிஸ்டியும் ஆசிரியை. ஆங்கிலம் எடுக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்ல விருப்பமே இல்லை. நான்தான் இரண்டு வருஷம் விடாமல் கேட்டேன்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிறிஸ்டி சூடானுக்குப் போய், கார்ட்டூமில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு மாதம் ஆங்கிலம் கற்பித்தாள். 2023 ஏப்ரலில் அங்கே சண்டை மூண்டது. மற்ற இந்தியர்களோடு பஸ்ஸில் துறைமுகம் போய், கப்பலேறி, பத்திரமாக வந்து சேர்ந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நைல் நதியைப் பார்க்கும்போதெல்லாம் கிறிஸ்டிக்குத் தாமிரபரணி ஞாபகம் வந்தது. இரண்டு நதிகளுமே…’

கிறிஸ்டி படித்துவிட்டு, “ஏழு மாசத்துல அந்த ஆத்த ரெண்டு தடவதான்க்கா பாத்தேன். அதுவும் பஸ் ஜன்னல் வழியா. ஒரு ஞாபகமும் வரல” என்றாள்.

நதிகளை எடுத்துவிட்டேன்.

2

ஹிபாவிலிருந்து தொடங்குகிறேன். பதினோரு வயது. கிறிஸ்டியின் வகுப்பு. அம்மா அவாதிஃப் அதே பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள். கிறிஸ்டி குடியிருந்த கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கிறிஸ்டி, கீழே ஒற்றை அறையில் தாயும் மகளும். அப்பா தங்கச் சுரங்க வேலைக்குப் போனவர், திரும்பவில்லை.

சண்டை தொடங்கிய முதல் நாளே மாடி ஜன்னல்கள் நொறுங்கி விழுந்தன. அவாதிஃப் மேலே ஏறி வந்து கிறிஸ்டியின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள். ஒன்பது நாள் மூன்று பேரும் அந்த அறையில் இருந்தார்கள். நோன்பு மாதம் முடிகிற நேரம். காலையில் அவாதிஃப் கேனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போவாள். வந்ததும் முதல் தம்ளர் கிறிஸ்டிக்கு.

(இங்கே ‘தாய்மை’ என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். கிறிஸ்டி அடித்துவிட்டாள். “எனக்கு நோன்பு இல்ல, அதனால குடுத்தாங்க. அவ்வளவுதான்.”)

குண்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிறிஸ்டி பாடம் நடத்தினாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை என்றாள். அவாதிஃபுக்கு ஆங்கிலம் தெரியாது, கிறிஸ்டிக்கு அரபி தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஹிபாதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சோறு இருக்கிறது. வெளியே போகாதீர்கள். அம்மா உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்கிறாள்.

3

பத்தாம் நாள் காலை பஸ் வந்தது. பயணிகள் பட்டியலை வைத்திருந்தவர் ஹசன் அலி. காயல்பட்டினத்துக்காரர், கார்ட்டூமில் கடை வைத்திருந்தவர். கிறிஸ்டியின் பெயரைப் பார்த்ததும், “பாளையங்கோட்டையா? ஏறும்மா, ஏறு, நேரமில்ல” என்று தமிழிலேயே சொன்னார்.

பஸ் படிக்குப் பக்கத்தில் நின்று அவாதிஃப் வேகவேகமாக ஏதோ பேசினாள். ஹிபா தலையைக் குனிந்துகொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள்: என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள் அம்மா. உங்கள் மகள் என்று சொல்லச் சொல்கிறாள்.

அடுத்து நான் எழுதியது: ‘கிறிஸ்டி ஓடிப்போய் ஹசன் அலியிடம் கெஞ்சினாள். அவர் கண்கலங்கி, “பாஸ்போர்ட் இல்லாம முடியாதும்மா” என்றார்.’

விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவால் கிறிஸ்டி அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்தாள்.

“நான் கேக்கவே இல்லக்கா.”

“கேட்டிருந்தாலும் முடியாதுன்னுதான சொல்லிருப்பாரு?”

“அப்படித்தான் சொல்லிருப்பாரு.” பேனாவை மூடினாள். “ஒருவேள சரின்னுட்டா? அதான் பயம். கூட்டிட்டு வந்து அந்தப் பிள்ளய நான் எங்கன வைக்க? எங்கப்பாட்ட என்ன சொல்ல? ஒரு நிமிசத்துல இவ்வளவும் யோசிச்சேன்க்கா. குண்டு விழுத ஊருல நின்னுக்கிட்டு இதத்தான் யோசிச்சேன்.”

“அவகிட்ட என்ன சொன்ன?”

“அடுத்த பஸ் வருது, நீங்க ரெண்டு பேரும் அதுல வரலாம்னு சொன்னேன்.”

“வந்துச்சா?”

“இந்தியாக்காரங்களுக்கு வந்த பஸ்க்கா அது. அவங்களுக்கு எப்படி வரும்? ஹிபாவுக்கும் தெரியும். அவதான் என் வகுப்புலயே கெட்டிக்காரி.”

4

ஊர் வந்த அடுத்த ஞாயிறு ஆராதனையில், அவள் பத்திரமாகத் திரும்பியதற்காக ஸ்தோத்திர ஜெபம். அவளுடைய அப்பா தேவசிகாமணி சார் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கர்த்தர் காப்பாற்றியதைச் சாட்சி சொல்லும்படி சேகர குருவானவர் அழைத்தார். கிறிஸ்டி எழுந்து மைக்கைப் பிடித்தாள். “கர்த்தர் என்னை…” என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. அழுகிறாள் என்று நினைத்து சபையார் எல்லாரும் அழுதார்கள்.

“நான் அழல,” என்று கிறிஸ்டி எனக்குத் திருத்தம் சொன்னாள். “வாக்கியத்துக்கு வினைச்சொல் கிடைக்கல.”

அவாதிஃபின் போன் பஸ் ஏறிய நாளிலிருந்து அணைந்தே கிடக்கிறது. அந்தக் கட்டடம் எரிந்துவிட்டது என்றார் அங்கே கூட வேலை பார்த்த ஒருவர். அதற்கு முன்பே எல்லாரும் வெளியேறிவிட்டார்கள் என்றார் இன்னொருவர்.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் தாயும் மகளும் எகிப்து எல்லையைத் தாண்டுகிறார்கள். இன்னொன்றை எழுதி முடிக்க முடியவில்லை. ‘அறையில்’ என்ற சொல்லோடு நிற்கிறது.

இரண்டையும் கிறிஸ்டியிடம் காட்டினேன். படிக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லாம விட்டுட்டேன்க்கா” என்றாள். “அடுத்த பஸ்னு நான் சொன்னேம்லா, அத ஹிபா அவ அம்மாட்ட அரபியில சொன்னா. நான் சொன்னது சின்ன வாக்கியம். அவ ரொம்ப நேரம் சொன்னா. கேட்டுட்டு அந்தம்மா என் ரெண்டு கையையும் பிடிச்சி முத்தம் குடுத்தாங்க. வாழ்த்தி அனுப்புத மாதிரி. ஹிபா என்னப் பாக்கவே இல்ல.”

“என்ன சொல்லியிருப்பா?”

“தெரியல. நீங்களும் எழுதிராதீங்க.”

நான் எழுதவில்லை. எனக்குத் தோன்றுகிற வாக்கியங்களெல்லாம் கிறிஸ்டியைக் காப்பாற்றுகின்றன. அந்தப் பிள்ளையை ஒன்றுகூடக் காப்பாற்றவில்லை. உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றலாம், அதற்கு இடம் விடுகிறேன். பஸ் கிளம்புகிற சத்தத்தில், பதினோரு வயதுப் பெண், தன்னை விட்டுவிட்டுப் போகிறவளின் கையை அம்மா முத்தமிடும்படியாகச் சொன்னது: