இரட்டைக் கொம்பு

பிழை திருத்துபவரின் தலையில் கொம்பு முளைத்தது ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. மாட்டுக்கொம்பு அல்ல, கொய்யாக் கொம்பு. வலது காதுக்கு மூன்று விரல் மேலே, ஒன்றரைச் சாண் நீளம், நுனியில் நாலு இலை. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார், வாயைக் கொப்பளித்துத் துப்பினார், பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், அதனால் கொம்புக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மனைவி பைகளுக்கு ஜிப் மாற்றித் தருபவள். தெருவைப் பார்த்த முன்னறையில் அவளுடைய தையல் மெஷின், மெஷினுக்குப் பக்கத்தில் கூண்டு, கூண்டில் ஒரு கிளி. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத பயணப்பை ஒன்றுக்குள் மூன்று வருஷத்துக்கு முன்னால் தானாகப் பறந்துவந்து படுத்துக்கொண்ட கிளி அது. மெஷின் ஓடினால் அதுவும் கூடவே கத்தும், நின்றால் நிறுத்திவிடும். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவளுக்கு அதன்மேல் உயிர். கூண்டோடு வந்த பிளாஸ்டிக் குச்சிகள் இரண்டும் ஒரே கனம், ஒரே வழவழப்பு. அதிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து கிளிக்கு உள்ளங்காலில் புண் வந்தது. காலை ஊன்ற முடியாமல் ஒன்பது நாளாக அலகால் கம்பியைக் கவ்வித் தொங்கியது. பறவை டாக்டர் அதை மல்லாத்திப் பார்த்தார். “மரக்கொம்பு வையுங்கம்மா. ஒரு இடம் தடியா, ஒரு இடம் ஒல்லியா இருக்கணும். இல்லேன்னா கால் போயிடும்.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் அதைக் கணவரிடம் சொன்னாள். அவர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக எழுத்துகளின் கொம்பையும் காலையும் புள்ளியையும் பார்த்துச் சம்பளம் வாங்குபவர். கூட வேலை பார்ப்பவர்கள் அவரைப் பிழையார் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் அவர் தேதியைப் பார்க்க மாட்டார், சிவப்புப் பேனாவைத் தேடுவார். அப்பேர்ப்பட்டவர் சொன்னார்: “இத்தனை வருஷ சர்வீஸ் இருக்கிற ஆளு, நடுரோட்டுல நின்னு குச்சி பொறுக்கணுமா?” அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஏன், உங்க தலையில என்ன கொம்பா முளைச்சிருக்கு?” மறுநாள் காலை நடந்ததை முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

கொம்போடு அவர் முன்னறைக்கு வந்ததும் கிளி திறந்திருந்த கூண்டிலிருந்து எம்பி நேராக அதன்மேல் போய் உட்கார்ந்தது. காலை ஒருமுறை மாற்றிப் பார்த்தது. பிறகு ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டது. “அசையாதீங்க” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவர் ஒன்றரை மணி நேரம் அப்படியே நின்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் வேலைக்குத் தாமதம்.

அச்சக முதலாளி கொம்பைப் பார்த்தார், காலண்டர் புரூப் முடிந்ததா என்று கேட்டார். மரக்கடையில் வேலை செய்யும் மனைவியின் தம்பி வந்து பார்த்து, “இனிமே உங்ககிட்ட வாயே குடுக்க மாட்டேன் மாமா, முட்டிடுவீங்க” என்று எட்ட உட்கார்ந்தான். மூன்று வாரத்தில் கிளியின் காலில் புதுத்தோல் வந்தது. ஆனால் மனுஷனுக்கு வலப்பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை, பஸ்ஸில் பக்கவாட்டில்தான் ஏற முடிந்தது, நிலைப்படி தினம் ஒருமுறை இடித்தது. அவளுக்குத் தாளவில்லை. “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க” என்றாள். சொன்ன மாத்திரத்தில் கொம்பு அவர் மடியில் விழுந்தது. தலையில் தழும்புகூட இல்லை. அவள் அதையே கூண்டுக்குக் குறுக்கே வைத்துக் கம்பியால் கட்டினாள்.

கிளி என்றால் கொறிக்கும். எட்டு மாதத்தில் பட்டை போயிற்று, நடுப்பகுதி பென்சிலாக இளைத்தது, ஒரு மத்தியானம் முறிந்தது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே பிழையார் கிளம்பினார். பூங்காவிலும் வேலியிலும் மச்சானின் மரக்கடையிலும் பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்துப் பதினேழு தினுசுக் கொம்பு கொண்டுவந்தார். கொய்யா மட்டுமே ஐந்து. கிளி ஒவ்வொன்றையும் ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. ஆறாம் நாள் இடது கால் வீங்கியது. நாலு நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கு மேல் போனால் கால் தாங்காது என்றார்.

“இன்னொரு தடவை திட்டேன்” என்று அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார் கணவர். அவளும் முயன்றாள். ஆனால் வேலியில் கை விட்டு முழங்கைவரை கீறிக்கொண்டு வந்து நிற்கிற மனுஷனை எந்த வாயால் திட்டுவது? பாதி வரிக்குள் சிரிப்பு வந்தது, சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்தது. அவரும் தன் பங்குக்கு, “நான் யாரு, என் தகுதி என்ன” என்று ஜம்பம் அடித்துப் பார்த்தார். எழுதி வைத்துப் படிப்பதுபோல இருந்தது. பொய்க் கோபத்துக்குத் தலையில் ஒரு பருகூட முளைக்கவில்லை. இப்படியே மூன்று நாள் போயிற்று.

நாலாம் நாள் காலை, தெருவில் யாராவது உதவட்டும் என்று அவள் ஒரு அட்டையில் அவசரமாக எழுதிக் கதவில் ஒட்டினாள்: கிளிக்குக் கொய்யாக் கொம்பு வெண்டும். வேலைக்குக் கிளம்பிய கணவர் கதவருகே வந்தார். முன்கூட்டி யோசித்துச் செய்ததாக யாரும் நினைக்கக் கூடாது. கை தானாகப் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது, ‘வெ’யைச் சுற்றி வட்டம் போட்டது, ஓரத்தில் ‘இரட்டைக் கொம்பு’ என்று எழுதியது.

“ஏங்க!” அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “கிளிக்குக் கால் போகுதேன்னு நான் துடிச்சுக்கிட்டிருக்கேன், உங்களுக்கு இதுதான் கண்ணுல படுதா? பெரிய மேதாவி! அப்படி என்ன தலையில கொம்பு—”

அவள் முடிப்பதற்குள், பேனா இன்னும் அவர் கையில் இருக்கும்போதே, காதுக்கு ஒன்றாக இரண்டு வந்தன. அவர் எழுதியது எதுவோ அதுவே வந்தது. ஒன்று தடி, ஒன்று ஒல்லி. கிளி தடிக்கொம்பில் கொஞ்ச நேரம், ஒல்லிக்கொம்பில் கொஞ்ச நேரம் என்று அன்று முழுவதும் அவர் தலைக்கு மேலாகப் போய்வந்துகொண்டிருந்தது. அச்சகத்துக்கு லீவு சொல்லி அனுப்பினார்கள்.

அதன்பிறகு இது ஒரு வழக்கமாகிவிட்டது. கால் ஆறும்வரை அவள் மன்னிப்புக் கேட்பதில்லை. ஆறியதும் கேட்பாள், இரண்டும் விழும், கூண்டில் கட்டுவார்கள், கிளி ஒரு வருஷத்துக்குள் கொறித்து முடிக்கும். முடிகிற சமயத்தில் அவள் அதே அட்டையை அதே பிழையோடு புதிதாக எழுதி ஒட்டுவாள். எழுத்தில் கால் விட்டுப்போகிற மாதிரி மட்டும் எழுத மாட்டாள், எதற்கு வம்பு. வேண்டுமென்றே எழுதியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கை நிற்காது. அவர் திருத்துவார் என்று அவளுக்கும் தெரியும், ஆனாலும் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்ததும் வருஷா வருஷம் உண்மையாகவே பற்றிக்கொண்டு வரும். பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டதுமே கிளி கூண்டு வாசலுக்கு வந்து நின்றுகொள்ளும்.