மஸ்னா திட்டாத கார்

பழைய கார் பார்க்கப் போகிறவன் பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அவனைப் போல ஏமாளி கிடையாது. தைப்பிங்கில் பழைய கார்ப் பித்துப் பிடித்த அத்தனை ஆண்களுக்கும் இது தெரியும். காரைக் கண்டதும் ஆண்பிள்ளைக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். விற்கிறவன் அந்தப் பல்லைப் பார்த்தே விலையை ஏற்றிவிடுவான். அதனால் பக்கத்தில் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். "இதுக்கா இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தோம்?" என்று கேட்க வேண்டும். விலை தானாக இறங்கும்.

இந்த வேலையில் மஸ்னாவை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. அவள் அபாங் என்று கூப்பிடும் கணவர் பஹாரோம், மின்கம்பம் ஏறி ஏறியே ஓய்வு பெற்றவர், முப்பத்தொரு வருடமாக அவளைக் கூட்டிக்கொண்டு பேராக் மாநிலம் பூராவும் பழைய கார் பார்த்திருக்கிறார். வாங்கியது என்னவோ இரண்டுதான். மற்றதெல்லாம் மஸ்னாவின் வாயில் விழுந்து உருத் தெரியாமல் போனவை. ஒரு தடவை ஓர் ஆஸ்டின் காரைப் பார்த்து, "இதுல கோழிய அடைச்சா கோழியே கோவிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று சொன்னாள். அதைக் கார்க்காரர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் கைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். பெயிண்டில் கீறல் விழக் கூடாதென்று அதைப் பஹாரோமின் பழைய காலுறைக்குள் போட்டு வைத்திருப்பாள். காந்தம் ஒட்டினால் அங்கே இரும்பு இருக்கிறது. நழுவினால் துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி மூடியிருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று காலை கார் பார்க்கக் கோலகங்சாருக்குக் கிளம்பியபோதும் காந்தம் பையில் இருந்தது. திட்டுவதற்குத்தான் அவளுக்கு மனமில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஈப்போவில் ஒரு பெரிய டாக்டர், பஹாரோமை வெளியே உட்கார வைத்துவிட்டு, மஸ்னாவிடமும் மகள் நபிலாவிடமும் விஷயத்தைச் சொன்னார். கணையத்தில் புற்று. கல்லீரலுக்கும் போய்விட்டது. கத்தி வைத்துப் பயனில்லை. நான்கு மாதம், இழுத்துப் பிடித்தால் ஐந்து. நபிலா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர்" என்று கெஞ்சினாள். அதற்குக் காரணம் இருந்தது. பஹாரோமின் அண்ணனுக்கும் இதே வியாதி. உண்மையைக் கேட்ட அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். அதனால் பஹாரோமுக்கு வயிற்றுப்புண் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் மாத்திரைகளும் கொடுத்து அனுப்பினார்கள். அவரும் நம்பினார். இந்த ஐந்து வாரமாக மஸ்னா அவர் கண்ணெதிரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

வண்டி ஓட்டிக்கொண்டே பஹாரோம் பாடம் நடத்தினார். "நான் முதல்ல வாயே திறக்க மாட்டேன். நீ டயர்லேருந்து ஆரம்பி. அப்புறம் கதவு. கடைசியா அடித்தகடு."

"ம்."

"என்ன ம்? போன தடவை மாதிரி அந்த ஆளு அழுவுற வரைக்கும் போயிராத."

"அவன் எங்க அழுதான்? வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தான்."

பஹாரோம் குலுங்கிச் சிரித்தார். சிரித்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் புண்ணு ஒண்ணு" என்று முனகிவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தார். வழியில் லக்சா நூடுல்ஸ் சாப்பிட நிறுத்தியபோது நாலு கரண்டிக்கு மேல் அவரால் முடியவில்லை. மிச்சத்தை மஸ்னாதான் சாப்பிட்டாள். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்.

போகும்போது அவள் ஒரு முடிவோடுதான் போனாள். எப்போதும் போல வேண்டாம் என்று சொல்லிவிடுவது. அதுதான் பத்திரம். அவர் வாங்க நினைக்கும் கார் எதுவானாலும் அதற்கு இரண்டு வருட வேலை இருக்கும். அவருக்கு இருப்பது நான்கு மாதம், அதிலும் ஐந்து வாரம் போய்விட்டது.

விற்கிறவர் குவெக். பல் கட்டும் கடை வைத்திருந்த சீனக் கிழவர், முழங்கால் போனதால் கடையையும் காரையும் ஒரே வருடத்தில் மூடி வைத்தவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. தார்ப்பாயை இழுத்ததும் உள்ளே ஓர் ஆமை முதுகுக் கார் தெரிந்தது. வெளிர்நீல வோல்ஸ்வேகன். பதினொரு வருடமாக அசையாமல் நின்றதில் நாலு டயரும் தரையோடு சப்பிப் போயிருந்தன.

"ஒரே ஆளு ஓட்டுன வண்டி லா" என்றார் குவெக். சொல்லிவிட்டு மஸ்னாவைப் பயத்தோடு பார்த்தார். அவளைப் பற்றி யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

மஸ்னா டயரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தாள், நழுவியது. சக்கரத்தின் மேல்வளைவில் வைத்தாள், நழுவியது. ஏழு இடத்தில் வைத்ததில் ஐந்து இடத்தில் நிற்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால், சீன முதலாளிகளை அழைக்கிற வாக்கில், "தவுக்கே, இது காரா, இல்ல பட்டி மாவுல செஞ்ச பலகாரமா? நீங்க பல்லு கட்டுன லட்சணமும் இதுதானா?" என்று கேட்டிருப்பாள். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள்.

பஹாரோம் இதற்குள் பின் சீட்டைத் தூக்கிவிட்டிருந்தார். இந்த வண்டியில் பேட்டரி அங்கேதான் இருக்கும், அதனடியில்தான் முதலில் அரிக்கும். தகட்டில் கையளவு ஓட்டை. அதன் வழியே புல் முளைத்து உள்ளே எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கேடு கெட்ட இந்தப் பித்துக்காரர்களுக்கு ஓட்டையைக் கண்டால்தான் உற்சாகம் வரும்.

"அக்கா ஒண்ணுமே சொல்லலையே?" என்றார் குவெக், தாங்க முடியாமல்.

"யோசிக்கிறா" என்றார் பஹாரோம் காருக்குள்ளிருந்து. "அது இன்னும் மோசம், தவுக்கே."

குவெக் பதினெட்டாயிரம் வெள்ளி என்று விலையை மெல்லச் சொன்னார். சொன்ன வேகத்தில், வண்டியின் பதிவுச் சீட்டையும் குடிக்க இரண்டு கோப்பியையும் எடுத்து வருவதாகச் சொல்லி வீட்டுக்குள் நழுவினார். முழங்கால் வலிக்கிறவருக்கு அது கொஞ்சம் வேகமான நடைதான்.

பஹாரோம் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். சட்டைக் காலருக்குள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் முகம் இருக்கிறதே, அந்த முகத்தை மஸ்னா ஐந்து வாரமாகப் பார்க்கவில்லை. இருபத்தாறு வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தபோது இருந்த முகம்.

"தரைத்தகட்டைப் பூரா மாத்தணும். அதுக்கே ஆறு மாசம் ஆவும்" என்றார். "இஞ்சினை நானே எறக்கிருவேன். கார்புரேட்டருக்குப் பினாங்குல ஆளு இருக்கான். வர்ற நோன்புப் பெருநாள் இல்ல, அடுத்த பெருநாளுக்குப் பெயிண்டு. அதுக்கடுத்த பெருநாளுக்கு உன்னை முன்னால உக்கார வச்சு கேமரன் மலைக்கு ஏத்துறேன் பாரு. இது மலையில அழகா ஏறும், மஸ்னா. காத்துலயே ஆறுற இஞ்சின், தண்ணியே ஊத்த வேணாம்."

அவர் மூன்று பெருநாளை எண்ணிவிட்டார். டாக்டர் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

மஸ்னா காந்தத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொன்னால் இந்த முகம் அணைந்துவிடும். மறுபடி எப்போது எரியும்? இன்னொரு காரைத் தேடிப் போக அவருக்கு உடம்பு இருக்குமா? வாங்கட்டுமே. விழிக்கிற ஒவ்வொரு காலையிலும் எழுந்து போய்த் தட்டிக்கொண்டிருக்க ஒன்று இருக்கட்டுமே. முடிக்காவிட்டால் என்ன, உலகத்தில் யார் எதை முடித்தார்கள்? அவளுக்கு அழுகை முட்டியது. அன்பு முட்டியது என்றாலும் அதேதான்.

பஹாரோம் கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார். "என்ன நீ, ஊமை மாதிரி நிக்குற? அந்த ஆளு வர்றதுக்குள்ள ஆரம்பி. பன்னெண்டுக்குக் கேப்போமா?"

"விலை பேச வேணாம் அபாங்" என்றாள் மஸ்னா. "கேட்ட விலைக்கே வாங்கிக்குங்க."

பஹாரோம் சிரித்தார். புது விதமான தந்திரம் போலிருக்கிறது என்று நினைத்தார். "யாரும் இல்லாதப்ப எதுக்கு நடிக்குற?"

"நடிக்கல. வாங்கிக்குங்க. நல்ல வண்டி."

"அடியில புல்லு மொளச்சிருக்கு."

"இருக்கட்டும்."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. அவள் முகத்தையும் கையிலிருந்த காலுறையையும் மாறி மாறிப் பார்த்தார். கைகள் ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கி மடியில் விழுந்தன.

"எனக்கு என்ன மஸ்னா?" என்று கேட்டார்.

"என்னன்னா? உங்களுக்கு என்ன? வயித்துப்புண்ணு."

"வயித்துப்புண்ணுக்காரனை நீ இந்தக் காரை வாங்க விடமாட்டே."

மஸ்னா காந்தத்தைப் பைக்குள் போட்டாள்.

"வர்ற பெருநாள் இருக்குமா எனக்கு?"

"டாக்டர் என்ன ஆண்டவனா? அவரு சொல்றதெல்லாம்..."

"இருக்குமா?"

அவள் தலைத்துணியின் முனையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பஹாரோம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதைப் போலத் தலையை ஆட்டினார். கதவைத் திறந்து, அதன் மேலேயே கையை ஊன்றி இறங்கினார்.

"வாங்கிக்குங்க அபாங்" என்றாள் அவள். இப்போது வெளிப்படையாகவே கெஞ்சினாள். "முடிஞ்ச வரைக்கும் செய்யுங்க. இஞ்சின் மட்டும் ஓடட்டும், போதும்."

"பாதி பிரிச்சுப் போட்டுட்டு நான் போயிட்டா? வாசல்ல கெடக்கிற அந்தத் தகரத்தை நீ தினமும் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

"பாத்துக்கிட்டு இருக்கேன். பாக்குறதுக்கு எனக்கு என்னதான் இருக்கு வேற?"

"வேணாம்னா வேணாம்." அவர் குரல் உடைந்தது. "நீதான எப்பவும் சொல்லுவ வேணாம்னு. இன்னிக்கு ஒரு தடவை நான் சொல்லக் கூடாதா?"

குவெக் ஒரு கையில் கோப்பித் தட்டும், கக்கத்தில் பதிவுச் சீட்டுமாக வந்தார். பஹாரோம் சட்டையில் ஒட்டிய துருவைத் தட்டிக்கொண்டே, "மன்னிச்சுக்குங்க தவுக்கே, வீட்டுக்காரி ஒத்துக்கல" என்றார்.

குவெக் தட்டைக் காரின் முன்மூடி மேல் வைத்துவிட்டு மஸ்னா பக்கம் திரும்பினார். "அக்கா, கோவப்படாதீங்க லா. பதினஞ்சு? எங்க ஓட்டைன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி கொறைக்கிறேன். பதிமூணு? அக்கா, உங்களுக்காகப் பன்னெண்டு."

மஸ்னா தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். இவள் அசைய மாட்டாள் என்று குவெக் நினைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஒருத்தியைத் தாம் பார்த்ததே இல்லை என்று பிறகு பலரிடமும் சொன்னார். கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மஸ்னா தன்னைத்தானே மனசுக்குள் அறைந்துகொண்டு வந்தாள். ஐந்து வாரம் கட்டிக் காத்ததை அரை நிமிடத்தில் போட்டு உடைத்தாயே பாவி. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் போதுமே. தகரம், குப்பை, ஏமாத்துக்காரன் என்று சொல்லியிருந்தால் இந்த மனுஷன் இந்நேரம் அவளைக் கருமி என்று பழித்துக்கொண்டு, அடுத்த காரைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவாரே. ஆசையாக ஒரு தடவை சரி என்று சொன்னதால் அவரைக் கொன்றுவிட்டாள். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

பாடாங் ரெங்காஸ் ஊரைத் தாண்டியதும் பஹாரோம் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மழைக்காக என்று அவள் நினைத்தாள்.

"நபிலாவுக்கும் தெரியுமா?"

"ம்."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரம்."

அவர் கண்ணாடியில் வழிகிற நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கொஞ்ச நாளா நீ குளிக்கப் போனா வெளியில வர்றதே இல்ல. கொழாய் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்."

மஸ்னா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள்.

"நான் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். என்ன, உங்கப்பன் வீட்டுத் தண்ணியான்னு கேட்டேன். அன்னிக்கு ஒரு நாள் வெளியில போய் மெயின் கொழாயவே அடைச்சேன்."

"விடுங்க அபாங். அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"உள்ள அழுதுக்கிட்டு இருந்தியா?"

பஹாரோம் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கொட்டகையில் சாவைக் கேட்டு அழாத மனிதர், அந்தத் தண்ணீர்க் குழாயை நினைத்து, "அழக்கூட விடலையே நான், அழக்கூட விடலையே" என்று தேம்பித் தேம்பி அழுதார். மஸ்னா அவர் முதுகில் கை வைத்தாள். சட்டைக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, ஐந்து வாரத்தில் முதல் முறையாகச் சத்தம் போட்டு அழுதாள்.