வாளை விட்டுப் போன பனி

ஜப்பானில், ஓஎய் என்ற ஆட்சிக்காலத்தின் இருபத்தோராம் ஆண்டு ஐந்தாம் மாதம் ஒன்பதாம் நாள், பிசென் நாட்டு ஒசாஃபுனே ஊரில், கொல்லன் தொமோகியோ அடித்த வாளிலிருந்து பனி எழுந்து வெளியேறி, ஆற்றோரத்துக் கடைசி வீட்டின் கூரைமேல் நின்றது. மற்றக் கூரைகளில் வெயில் அடித்தது. அந்த வீட்டில் இருந்தவன் யஹெய். தொமோகியோவின் தங்கை நுயியின் கணவன். பதினாறு வருடமாக மச்சானுக்குச் சம்மட்டி போடுகிறவன்.

ஒசாஃபுனே வாள் என்றால் கூர்வாய் ஓரம் கிராம்பு மொட்டுகள் வரிசை கட்டியதுபோல் நெளிந்து ஓட வேண்டும். அதற்கு மேலே, எஃகின் உள்ளே, கண்ணாடியில் ஊதிய மூச்சுபோல ஒரு பனி மங்கலாகப் படிந்திருக்க வேண்டும். மொட்டுகளை மற்ற நாட்டுக் கொல்லர்களும் ஓரளவு போட்டுவிடுவார்கள். பனி அவர்களுக்கு வரவில்லை. அது இல்லாத வாளில் ஊர்ப்பெயரை வெட்டக் கொல்லர் சங்கம் விடாது. எட்டாம் மாதக் கடைசியில் மாகாணத் தலைவரின் ஆள் வாளை எடுத்துப்போக வருவான். அதற்குள் பனி திரும்பாவிட்டால் தொமோகியோ ஒசாஃபுனேக்காரன் என்ற பெயரை இழப்பான்.

யஹெய் பிறந்தது மினோ நாட்டில். அந்நாட்டு வாள்களில் பனி கிடையாது. பதினாறு வருடம் யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பழுக்கக் காய்ந்த வாளைத் தண்ணீரில் முக்கும் தொட்டியைச் சுற்றித் தொமோகியோ பாய் கட்டினான். தண்ணீரின் சூடு அவன் கைக்கு மட்டும் தெரிந்த கணக்கு. வேலை முடிந்து போகும் யஹெய்யின் விரல் ஈரமாக இருக்கிறதா என்று தினமும் பார்த்தான். மினோவிலிருந்து வரும் கரிக்காரனின் கூடையைத் தரையில் கொட்டி, கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கிளறினான்.

"மாப்பிள்ளை, உங்க வீட்டு மேல நிக்கிறது என்ன?"

"பனி, மச்சான்."

"யாரோட பனி?"

"உங்களோடதுதான். தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க. இருபது நாளா துணி காயல."

"மினோவுல உங்க ஊருக்குச் சொல்லி அனுப்பிட்டீங்களா?"

"என்னன்னு? கூரைமேல பனி நிக்குது, ஏணியோட வாங்கன்னா?"

நுயி பட்டறை வாசலுக்கு வந்து நின்றாள். "ஏண்ணே, உனக்குச் சம்மட்டி போட்டே இவருக்குத் தோள் இறங்கிப் போச்சு. திருடுறவர் மொத வருசமே திருடியிருக்க மாட்டாரா?"

"மொத வருசம் எனக்கே பனி சரியா விழலையே" என்றான் தொமோகியோ.

ஏழாம் மாதம் பாதியில் அவர்களைப் போகச் சொன்னான். சட்டியையும் படுக்கையையும் முதுகில் கட்டிக்கொண்டு இருவரும் மினோவுக்குப் புறப்பட்டார்கள். நுயி அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பனி அவர்களோடு போகவில்லை. வெறும் வீட்டின்மேல் நின்றது. எதையோ புதைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தொமோகியோ அந்த வீட்டுத் தரையை இடுப்பளவு தோண்டினான். ஒரு உடைந்த சோற்றுக் கிண்ணம் கிடைத்தது.

எட்டாம் மாதம் முதல் நாள் காலை பனி கூரையிலிருந்து இறங்கி, ஆள் நடக்கும் வேகத்தில் தெருவழியே வந்து, பட்டறைக்குள் நுழைந்து வாளுக்குள் படுத்துக்கொண்டது. ஒசாஃபுனேயில் எந்த மாதம் அடித்த வாளாக இருந்தாலும் கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்றுதான் வெட்டுவார்கள்; அந்த மாதங்களின் தண்ணீருக்கு அவ்வளவு பெயர். மெருகு போடும் தோஆன் அந்தப் பகுதியைத் திருப்பிக் காட்டினான்.

"எட்டாம் மாசம்னு நீதானே வெட்டியிருக்க. எட்டாம் மாசம் வந்திருக்கு."

முந்தைய வாள்களின் பனி ஏன் இப்படிக் காத்திருக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மாகாணத் தலைவரின் ஆள் வாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குறை சொல்லாமல் எடுத்துப்போனான். தொமோகியோ கரிக்காரனிடம் சொல்லியனுப்பித் தங்கை குடும்பத்தைத் திரும்பக் கூப்பிட்டான். அடுத்த நடையில் கரிக்காரன் பதில் கொண்டுவந்தான்.

"வரலையாம். அவரு அங்க சொந்தமா உலை போட்டுட்டாரு."

தொமோகியோ, "அவன் வாள்ல பனி விழுதா?" என்று கேட்டான்.

"நான் கரி விக்கிறவன் சாமி."

அடுத்த வருடம் மற்றக் கொல்லர்களின் வாள்களிலிருந்தும் பனி எழுந்து ஊரில் ஏழு கூரைகளின்மேல் நின்றது. எட்டாம் மாதம் அந்தந்த வாளுக்குத் திரும்பியது. தொமோகியோவுக்குச் சம்மட்டி போட யாரும் வரவில்லை. அந்த வருடம் அவன் வாள் எதுவும் அடிக்கவில்லை.