பெயர்: பிறகு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. மலையில் பிறக்கவில்லை, பனியில் பிறக்கவில்லை, ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் பிறந்தது.

தேயிலைக் கம்பெனி ஒன்று தன் டப்பாவின் பின்பக்கத்துக்கு ஒரு குட்டிக் கதை கேட்டது. மண்ணைக் கெடுக்காமல், தொழிலாளியை வாட்டாமல் விளைந்த தேயிலை என்று படிப்பவரின் நெஞ்சு குளிர வேண்டும். இலை பறித்த பெண் ஒருத்தி அதில் இருக்க வேண்டும். நான் தோட்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. டீ குடிப்பேன், அந்தத் தகுதி போதும் என்று உட்கார்ந்து எழுதினேன்.

'அதிகாலைப் பனியில் பாடிக்கொண்டே, ஒவ்வோர் இலையையும் அன்போடு பறிக்கிறார் இவர். இவர் பருகும் நீர் இந்த மலை தந்த வரம். இவர் பெயர் [பிறகு சேர்க்கவும்].'

பெயர் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று எழுந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்து அப்படியே அனுப்பிவிட்டேன்.

டப்பாவை வடிவமைத்தவருக்கு அடைப்புக்குறி கண்ணை உறுத்தியது. எடுத்துவிட்டார். அடுத்து மெய்ப்புத் திருத்துபவர். முப்பது வருடமாக வெட்டச் சொன்னதை வெட்டி, சேர்க்கச் சொன்னதைச் சேர்த்தவர். 'பிறகு சேர்க்கவும்' என்பதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டார். எதைச் சேர்க்க வேண்டும்? 'பிறகு' என்பதை. சேர்த்தார். உத்தரவு நிறைவேறியதால் 'சேர்க்கவும்' என்பதை அடித்தார்.

முப்பதாயிரம் டப்பாக்களில் அச்சானது: 'இவர் பெயர் பிறகு.'

2

கதையை எப்படித் தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: மலைச்சரிவில் வெண்மேகம் தவழ்ந்த வேளையில் அவள் மெல்ல

(நிறுத்திவிட்டேன். இதைக் கதாநாயகியிடமே படித்துக் காட்டினேன். "மேகமா? அது மருந்தடிக்கிற புகை சார்" என்றாள்.)

தொடக்கம் இரண்டு: அவள் கண்களில் சொல்ல முடியாத சோகம்

(இதுவும் வேண்டாம். சோகமெல்லாம் இல்லை, கோபம்தான். அதுவும் கண்ணில் இல்லை, வாயில்.)

தொடக்கம் மூன்று: தோட்டத்தில் அவளை மைக் அக்கா என்பார்கள்.

இது இருக்கட்டும். அவள் இந்தச் சரிவில் பேசினால் எதிர்ச் சரிவில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். பதினொரு வருடமாக அவள் பேசியது ஒரே விஷயத்தைத்தான். மலை உச்சியில் ஆபீஸ். அதற்குக் கீழே ஏழாம் நம்பர் தோட்டம். ஏழாம் நம்பருக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குக் கீழே இருபத்தாறு வீடுகள். ஏழாம் நம்பரில் களைக்கு மருந்தடித்தால், மழை அதைக் கழுவித் தொட்டிக்குக் கொண்டுவந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, தண்ணீர் கீழ்ப்பக்கம் ஓடும் என்று தெரிந்தால் போதும்.

மருந்தடித்த பிறகு மழை பெய்தால், அவளுடைய சின்ன மகள் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டுவிடுவாள். கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

"கொதிக்க வெச்சா கிருமி சாகும். மருந்து எப்படிச் சாகும்?" என்று மைக் அக்கா கேட்டாள்.

3

அவள் அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு கடிதமும் ஒரு தேயிலை டப்பாவும்.

விஷயம் இதுதான். 'இது நல்ல முறையில் விளைந்த தேயிலை' என்று சான்றிதழ் கொடுக்கிறவர்கள் ஆள் அனுப்புகிறார்கள். இலை எந்தச் செடியில் பறித்தது, யார் பறித்தது என்று தடம் பிடித்துக்கொண்டே போவது அவர்கள் வேலை. டப்பாவில் ஒருவர் பெயர் இருந்தால் அவர் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். பிறகு என்பவரை நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"சார், அந்த ஏழாம் நம்பர் மருந்து விஷயம்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அம்மா தாயே, இப்போ ஆளை விடு. பிறகு..."

பாக்கலாம் என்று முடிக்க வேண்டிய மனிதர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். நாற்பது வயது, கூடை, தலையில் துணி. பதினொரு வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வாயில் வந்த சொல் அது ஒன்றுதான். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய பெயர்.

"பிறகு!" என்றார், இந்த முறை கூப்பிடுகிற குரலில்.

விவரம் கேட்டதும் அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, ஒரு நாளைக்குப் பிறகா இருக்கேன். ஏழாம் நம்பர்ல இனிமே மருந்தடிக்கக் கூடாது. களைய நாங்க கையாலயே வெட்டிக்கிறோம்."

"சத்தியமா நிறுத்திடறேன்."

"யார் மேல சத்தியம்?"

"உன் மேலதான்."

"என் மேல வேணாம். உங்க மேல பண்ணுங்க."

பண்ணினார்.

4

இந்த இடத்தில் நான் கதைக்குள் வருகிறேன். வரவேண்டும் என்று ஆசையில்லை, வரச்சொன்னார்கள்.*

(*சான்றிதழ் கொடுக்கிறவர்கள் தேயிலைக்கு மூலம் கேட்டார்கள், சரி. டப்பாக் கதைக்கும் மூலம் கேட்டார்கள். "உங்களுக்கு மூலம் இருக்கா சார்?" என்று ஒரு பெண் போனில் கேட்டார். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. இல்லை என்று ரோஷமாகச் சொன்னேன். அதைப் பதிவு செய்துகொண்டு, அப்படியானால் நேரில் வந்து விளக்க வேண்டும் என்றார்கள்.)

சோதனைக்கு முந்தின நாள், நான் எழுதியதை மைக் அக்கா மனப்பாடம் செய்வதற்காக என்னை அவள் எதிரே உட்காரவைத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என் கதாபாத்திரம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"பாடிக்கிட்டே பறிக்கிறேனா? அந்த ஏத்தத்துல மூச்சே முட்டுது, இதுல பாட்டு வேறயா?"

"ஒரு அழகுக்காக எழுதினதும்மா."

"ஒவ்வோர் இலையா அன்போட பறிச்சா சாயங்காலத்துக்குள்ள அரைக் கூடை தேறுமா? நீங்க ஒரு செடி பறிச்சுக் காட்டுங்க பாப்போம்."

பறித்துக் காட்டினேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இரண்டாவது வரியைப் படிக்கும்போது அவள் குரல் அடங்கியது. "நீர் இந்த மலை தந்த வரம்" என்று எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தாள். "பாப்பாவுக்கு காலையிலருந்து மறுபடி வயித்து வலி சார். என்னத்தத் தின்னாளோ தெரியல" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

5

சான்றிதழ்க்காரர் மறுநாள் காலையில் வந்தார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. கையில் கட்டம் கட்டமாக ஒரு படிவம். கட்டத்துக்குள் வராத எதுவும் அவர் கண்ணில் படாது.

"பிறகு அம்மா நீங்கதானா?"

"ஆமாங்க."

"வித்தியாசமான பேரா இருக்கே?"

மேனேஜருக்கு வேர்த்தது. நான் இதற்கு எந்த வரியும் எழுதித் தரவில்லை. அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "எங்கம்மாவுக்கு ரெண்டு நாள் வலி சார். எப்போ பொறக்கும்னு கேட்டா டாக்டர் பிறகு பிறகுன்னே சொல்லிக்கிட்டிருந்தாராம். அதையே வெச்சுட்டாங்க."

(என்னைவிட நன்றாக எழுதுகிறாள். எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைக்கவில்லை.)

"பாடிக்கிட்டே பறிப்பீங்களாமே, கொஞ்சம் பாடுங்க."

அவளுக்குப் பாட்டு வராது. சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே ஒரு தகரப் பலகை. அதைத் தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடினாள்: "மருந்து தெளித்த இடத்தில் இரண்டு நாள் நுழையாதீர்... கையுறை அணிவீர்... மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல..." சான்றிதழ்க்காரர் கண்ணை மூடி ரசித்தார். 'பாட்டு: உண்டு' என்று டிக் போட்டார்.

பிறகு ஏழாம் நம்பருக்கு இறங்கினோம்.

அந்த வாரம் முழுக்க அவளை எதிர்ச் சரிவுக்குப் பறிக்க அனுப்பியிருந்தார்கள். ஏழாம் நம்பரை அவள் பார்ப்பது அன்றுதான். தேயிலைச் செடிகள் பச்சையாக நின்றன. வரிசைகளுக்கு இடையில் களை முழுவதும் மஞ்சளாகச் செத்துக் கிடந்தது. முந்தாநாள் மழை அடித்த மண்ணில் சின்னச் சின்ன வாய்க்கால்கள் தொட்டியைப் பார்க்க ஓடியிருந்தன.

சான்றிதழ்க்காரர் குனிந்தார். "களை காய்ஞ்சிருக்கே?"

"வெயில் சார்" என்றார் மேனேஜர்.

"தேயிலை காயலையே?"

"அது பழகிடுச்சு சார்."

'வெயில்' என்று எழுதிக்கொண்டார்.

அக்கா மேனேஜரின் காதருகே போனாள். "சத்தியம் பண்ணீங்களே."

"ஐயோ, பெரிய மனுஷன் வர்ற நேரத்துல இடம் புதர் மண்டிக் கிடந்தா அசிங்கமா இருக்காதா? சான்றிதழ் வரணும்னுதானே அடிச்சேன். வந்ததும் நிறுத்திடலாம்."

மகள் என்னத்தத் தின்றாள் என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. முந்தின இரவு, வெளியில் கண்டதையெல்லாம் தின்றாயா என்று அந்தக் குழந்தையின் முதுகில் ஓர் அடி வேறு வைத்திருந்தாள். தன் கையைத் தானே வெட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் சத்தம் போடவில்லை. மைக் அக்கா சத்தம் போடாததைப் பார்த்து நான்தான் பயந்தேன்.

"நீங்க எல்லாரும் ஆபீசுக்குப் போங்க சார், நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று சான்றிதழ்க்காரரிடம் சொன்னாள். "டப்பாவுல இருக்கிறவளே போட்ட டீ."

அவர் நெகிழ்ந்துபோனார்.

6

அரை மணி நேரத்தில் வந்தாள். ஒரே ஒரு டம்ளர். நல்ல நிறம், நல்ல மணம். சான்றிதழ்க்காரர் வாயருகே கொண்டுபோனார்.

மேனேஜர் சும்மா கேட்டு வைத்தார். "ஆபீஸ்ல கேன் தண்ணி தீந்துபோச்சே, எதுல போட்ட?"

"நம்ம தொட்டித் தண்ணிதான்."

"குடிக்காதீங்க சார்!"

மேனேஜர் மேசையைத் தாண்டிப் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்?" என்றார் சான்றிதழ்க்காரர்.

"சூடா... ரொம்ப சூடா இருக்கு சார்."

"ஊதிக் குடிக்கட்டுமே" என்றாள் அக்கா.

"சர்க்கரை கம்மி."

"இந்தா இருக்கு சர்க்கரை."

"சாருக்கு டீ ஒத்துக்காது!"

"நான் தேயிலைத் துறையில இருபது வருஷமா இருக்கேங்க" என்றார் சான்றிதழ்க்காரர்.

மேனேஜரிடம் காரணம் தீர்ந்துபோயிற்று. மணிக்கட்டை மட்டும் விடவில்லை. அக்கா நிதானமாகச் சொன்னாள். "இருபத்தாறு வீட்டுல இதத்தான் சார் குடிக்கிறோம். ஒருத்தர்கூட ஓடிவந்து எங்க கையப் பிடிச்சதில்ல."

(அவர் குடித்திருந்தால் நீயே தடுத்திருப்பாயா என்று பின்னால் கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள். எனவே எனக்கும் தெரியாது.)

சான்றிதழ்க்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். 'குடிநீர் வசதி உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது. உண்டுதான். கொடுத்த டீயைக் குடிக்க விடாமல் தடுத்தார்கள் என்று எழுதக் கட்டம் இல்லை. ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை என் பக்கம் திருப்பினார்.

'டப்பாவிலுள்ள கதை: உண்மை / புனைவு. எழுதியவர் கையொப்பம்.'

"உண்மைன்னா சான்றிதழ் உண்டு. இல்லன்னா கிடையாது. நீங்கதான் சொல்லணும்."

7

முடிவுகள்.

(அ) உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன். சான்றிதழ் வருகிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு மேனேஜர் தலைக்கு மேல் மாட்டுகிறார்கள். அடுத்த முறை பெரிய மனுஷன் வரும்போது இடம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா, எனவே

(ஆ) புனைவு என்று போடுகிறேன். மனசாட்சிக்கு ரொம்ப நிம்மதி, என் மனசாட்சிக்கு. சான்றிதழ் போகிறது. இனி இந்த மலைக்குக் கட்டம் போட்ட காகிதத்தோடுகூட ஒருவரும் வரமாட்டார்கள். ஏழாம் நம்பரோடு எட்டு, ஒன்பது

(இ) மேனேஜர் திருந்துகிறார். பெண்கள் களையைக் கையால் வெட்டுகிறார்கள். தொட்டியைத் தோட்டத்துக்கு மேலே மாற்றிக் கட்டுகிறார்கள். குழந்தை எழுந்து ஓடுகிறாள். இதை மட்டும் இரண்டு பக்கம் எழுதினேன், கண்ணில் நீர்கூட வந்தது.

மூன்றையும் அக்காவிடம் காட்டினேன். (இ)யை இரண்டு தரம் படித்தாள்.

"நல்லாருக்கு சார். இது எப்போ நடந்துச்சு?"

"நடக்கலம்மா."

"அப்போ அடிச்சிடுங்க. இதப் படிச்சா எல்லாரும் நிம்மதியா எந்திரிச்சுப் போயிடுவாங்க. எனக்கு மட்டும் நிம்மதி இல்ல, அவங்களுக்கு எதுக்கு?"

அடித்துவிட்டேன். ஆகவே இந்தக் கதை இன்னும் அந்த அறையிலேயே நிற்கிறது. நான் பேனாவைத் திறக்கவில்லை. மேனேஜருக்குப் பேனாவைப் பற்றிக் கவலை இல்லை, முதலில் அந்த டம்ளரை ஒழித்துக்கட்ட வேண்டும். எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"அங்க கொட்டாதீங்க, நேரா ஏழாம் நம்பருக்குத்தான் போகும்" என்றாள் அக்கா.

கைகழுவும் தொட்டிக்குப் போனார். அதன் கழிவுநீர்க் குழாயும் ஜன்னலுக்கு அடியில்தான் திறந்திருக்கிறது. வாசலுக்குப் போனார். வாசலும் சரிவு. சான்றிதழ்க்காரர் படிவத்தை வைத்துவிட்டு முதல்முறையாக எழுந்து நின்று, அந்தச் சரிவை மேலிருந்து கீழாகக் கண்ணால் தொடர்கிறார்: ஆபீஸ், தோட்டம், தொட்டி, வீடுகள். கடைசி வீட்டில் யாரோ குடத்தோடு வெளியே வருகிறார்கள்.

மேனேஜர் டம்ளரோடு வாசலில் நிற்கிறார். டீ தளும்புகிறது. அவரைக் குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அவர் அதை எங்கே கொட்டட்டும்?