இடது தோள்

"தூக்கத்தைப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது, பாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே அம்மா அப்பாவின் கழுத்துப் பொத்தானைப் போட முயன்றாள். பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவர் உயிரோடு இருந்தபோதும் அந்தப் பொத்தான் அம்மாவின் பேச்சைக் கேட்டதில்லை.

பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த போதகர் தலையாட்டினார். சபைக்குப் புதிதாக வந்தவர், இளவயதுக்காரர். "சரிங்கம்மா. பேச மாட்டேன்."

"பாட்டுலயும் வேண்டாம், ஜெபத்துலயும் வேண்டாம். சர்ச்சே சிரிக்கும்."

மகள் இன்னொரு பக்கம் குனிந்து சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். சிரிக்கத்தான் செய்வார்கள். அப்பாவை அந்தச் சபையில் பேர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. கடைசி வரிசையில் தூங்குவாரே, அவர் என்றால் குழந்தைகள்கூடச் சொல்லிவிடும்.

அப்பா ஒரு பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் ஆலை. பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீர் மட்டம் இறங்கிப் போனால் ஆள், சுவர், கூரை எதுவும் மிஞ்சாது. அந்தக் குழாயைத்தான் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆயுசு பூராவும் பார்த்தார். வேலை ஓய்ந்த பிறகும் கண் ஓயவில்லை. படுத்தவர் எழுந்துபோய் அடுப்பின் குமிழைத் தொட்டுப் பார்ப்பார், தண்ணீர்க் குழாயை இறுக்குவார், தாழ்ப்பாளை அசைத்துப் பார்ப்பார். வீட்டில் அவர் கண்ணயர்ந்து அம்மா பார்த்ததே இல்லை. அதனால்தான் நேற்றுக் காலை நாற்காலியில் அவர் தலை சாய்ந்திருப்பதைப் பார்த்த உடனேயே, தொட்டுப் பார்க்காமலே, அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் சர்ச்சுக்குள் வந்தால் ஆளே மாறிவிடுவார். பாட்டு வரைக்கும் நிமிர்ந்து நிற்பார். பிரசங்கத்தின் முதல் வசனம் வாசித்து முடிவதற்குள் தலை மெதுவாக வலது பக்கம் சரியும். அங்கே எப்போதும் பக்கத்தில் உட்காரும் தையல்காரரின் தோள் இருக்கும். அம்மா பாடகர் குழுவில் மக்களைப் பார்த்து உட்காருகிறவள். கணவரின் திறந்த வாய் அவளுக்கு நேர் எதிரே. பக்கத்துப் பாடகிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். எழுப்பச் சொல்லி அம்மா தையல்காரருக்குக் கண்ணைக் காட்டுவாள், புருவத்தை உயர்த்துவாள், பாட்டுப் புத்தகத்தைக்கூட ஆட்டிப் பார்ப்பாள். தையல்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பக்கத்துல இருக்கற மனுஷன் ஒரு இடி இடிச்சா போதாதா? மரம் மாதிரி உக்காந்திருக்காரு" என்று ஒவ்வொரு ஞாயிறும் மதியம் வசவு விழும். கடைசியில் அம்மா தையல்காரரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மகளுக்கும் விவரம் தெரிந்த வயதில் அப்பா பக்கத்தில் உட்காரக் கூச்சம் வந்தது. முதலில் இடம் மாறினாள். வேலைக்குப் போன பிறகு வருவதே குறைந்துபோனது.

பொத்தான் ஒருவழியாகப் பூட்டிக்கொண்டது. போதகர் போனதும் அம்மா சமையலறைக்குள் போய்க் காலித் தம்ளர் ஒன்றைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள்.

"ஒரு பிரசங்கமாவது அவர் முழுசா கேட்டிருப்பாரா?" என்றாள்.

"விடும்மா. இப்ப எதுக்கு அது?"

"இப்பதான்டி. அங்க பரலோக வாசல்ல நிறுத்தி, நான் பேசினப்ப எல்லாம் நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்டா, என்ன சொல்லுவாரு? வாய்ச் சாமர்த்தியமும் கிடையாது அவருக்கு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா அதே தம்ளரை மறுபடியும் தேய்ப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அவருக்கு விசுவாசம் இருந்துச்சா, இல்ல நான் கூப்பிட்டதுக்காக வந்து உக்காந்தாரா? திட்டத் தெரிஞ்சுது எனக்கு. ஒரு நாள் பக்கத்துல உக்காந்து கேக்கத் தெரியல. இனிமே யார்கிட்ட போய்க் கேக்கறது?"

மேசைமேல் மகளுடைய போன் அதிர்ந்தது. பல கம்பெனிகளின் கணினிகள் நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்கிற இடத்தில் அவளுக்கு வேலை. எங்கே எது படுத்தாலும் இந்தப் போன் எழுந்துகொள்ளும். தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்கியே பல வருடமாயிற்று. நேற்றிலிருந்து அந்த அரையும் இல்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா கேலி செய்வார்: "ஓடு ஓடு, உன் பாய்லர் கூப்பிடுது. என் பாய்லருக்காவது வருஷத்துல ஒரு தடவை நிறுத்திக் கழுவற நாள் உண்டு."

பிற்பகல் சர்ச்சில் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் திறந்தபடி வைத்தார்கள். அம்மா இன்று பாடகர் குழுவில் இல்லை. முதல் வரிசையில், மகளோடு. முதுகு பலகை மாதிரி நிமிர்ந்திருந்தது. இரண்டாவது பாட்டு முடியும்போது மகளின் பைக்குள் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் எழுந்து வெளியே போனாள்.

"எங்க இருக்கீங்க?" என்றது குரல்.

"அப்பாவோட அடக்க ஆராதனையில இருக்கேன்."

"ஐயோ, சாரி. ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும்..."

அந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லி முடித்து அவள் உள்ளே வந்தபோது பிரசங்கம் தொடங்கியிருந்தது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடு வழியில் நடந்துபோய் முதல் வரிசையில் உட்காரத் தைரியம் வரவில்லை. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் கடைசி வரிசையில், சுவரோரமாக ஒரு இடம் மட்டும் காலியாக இருந்தது. அதில் ஒரு குடை கிடந்தது. அடுத்த இடத்தில் தையல்காரர்.

அவர் குடையை எடுத்துக் கீழே வைத்தார். "உக்காரும்மா."

உட்கார்ந்தாள். அழுது அழுது கண் எரிந்தது. எதையாவது பார்க்க வேண்டுமே என்று பக்கத்தில் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, நல்ல தையல், ஆனால் இடது தோள் மட்டும் வலதைவிடக் கொஞ்சம் உப்பலாக நின்றது. ஊருக்கெல்லாம் அளவெடுப்பவர் தன் சட்டையில் கோட்டை விட்டிருக்கிறாரே என்று தோன்றியது. அவள் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"பஞ்சு" என்று கிசுகிசுத்தார். "உள்ள வச்சுத் தச்சிருக்கேன்."

"எதுக்கு அங்கிள்?"

"உங்கப்பாவுக்கு என் தோள் எலும்பு குத்தும். அவரு தாடை எனக்குக் குத்தும். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்." தோளை ஒரு தட்டுத் தட்டி, "ஞாயித்துக்கிழமை போடற சட்டை எல்லாத்துலயும் இருக்கு" என்றார்.

அவள் அவர் பக்கம் குனிந்தாள். "அம்மா எழுப்பச் சொல்லிக் கண்ணைக் காட்டுவாங்களே. நீங்க பாத்ததே இல்லையா?"

"பாக்காம இருப்பேனா? அந்தக் கண்ணு அந்தக் கடைசியிலருந்து இங்க வந்து சுடும்." முன்னால் இருந்தவர் லேசாகத் திரும்பவும் அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆரம்பத்துல ஒரு தடவை எழுப்பினேன்மா. துடிச்சு எந்திரிச்சு, எதையோ திருகற மாதிரி ரெண்டு கையையும் நீட்டினாரு. மூஞ்சில ரத்தமே இல்ல. வெளிய வந்ததும் மன்னிச்சுக்குங்கன்னேன். அதுக்கு அவர் சொன்னாரு, 'ஆலையிலயும் நான்தான் முழிச்சிருக்கணும், வீட்லயும் நான்தான் முழிச்சிருக்கணும். இங்க ஒரு இடத்துலதான் வேற ஒருத்தர் முழிச்சிட்டிருக்காரு. அவரை நம்பித்தான் கண்ணை மூடறேன்'னாரு. அப்புறம் எனக்கு எழுப்ப மனசு வருமா, சொல்லு."

அவள் நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். வரிசை வரிசையான தலைகளுக்கு அப்பால் அம்மாவின் முதுகு தெரிந்தது. எழுந்து ஓடிப்போய் அந்தக் காதில் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. பிரசங்கம் முடியட்டும், முடிந்த உடனே சொல்லிவிடலாம். அப்பா அந்த இடத்திலிருந்து பார்த்ததையெல்லாம் பார்த்தாள். சுவரில் வெயில் ஒரு துண்டு. ஆடி ஆடிச் சுற்றும் விசிறி. இத்தனை பேர் சேர்ந்து மூச்சுவிடும் சத்தம். போதகரின் குரல் நெருங்கி வந்தது, விலகிப் போனது. பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. அவள் கை அதை நோக்கிப் போய், பாதியில் நின்று, மடிக்கே திரும்பிவிட்டது.

கண் விழித்தபோது யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. கன்னத்துக்குக் கீழே மெத்தென்று துணி இருந்தது. வெயில் சுவரை விட்டு இறங்கிப் போயிருந்தது. எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள், அவளைத் தேடிப் பின்னால் வந்து பெஞ்சின் முனையில் அம்மாவும்.

அவள் பதறி நிமிர்ந்தாள். வசவு வரும் என்று காத்திருந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கசங்கிய அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்ப மனசு வரல, சிஸ்டர்" என்றார் தையல்காரர்.

"அம்மா" என்றாள் மகள். நாக்கு இன்னும் தூக்கத்தில் இருந்தது. "அப்பா இவர்கிட்ட சொல்லியிருக்காரும்மா. ஏன் இங்க தூங்கினாருன்னு. அங்கிள், நீங்களே சொல்லுங்க."

தையல்காரர் எழுந்து நின்று அதே வார்த்தைகளில் சொன்னார். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அம்மா கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாள்.

"அவரா சொன்னாரு?"

"அவரேதான்."

"எப்ப?"

"உங்க பொண்ணு சின்னப் பிள்ளையா இருக்கறப்ப."

"இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் என்கூட பேசறதில்லையே, சிஸ்டர்."

அம்மாவின் வாய் கோணியது. அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. கையை நீட்டி அந்தத் தோளை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள், கடையில் துணியின் கனத்தைப் பார்ப்பதுபோல. பிறகு மகளின் கன்னத்தில் பதிந்திருந்த தையல் தடத்தைத் தொட்டாள். பீடத்தை நோக்கி நடந்தாள்.

பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா.

அப்பாவின் தலையை நேராக வைத்திருந்தார்கள், மேற்கூரையைப் பார்த்தபடி. அம்மா அதை வலது பக்கம் சாய்க்கப் பார்த்தாள். கழுத்து இணங்கவில்லை. அதட்டவில்லை அவள். தன் கைக்குட்டையை நாலாக மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, அவருடைய இடது காதுக்குப் பின்னால் மெல்லச் செருகினாள். தலை கொஞ்சம் சரிந்தது. அங்கே தோள் எதுவும் இல்லை, பெட்டியின் உள்பக்கத்து வெள்ளைத் துணிதான். அவள் இரண்டடி பின்னால் போய், பாடகர் குழு உட்காரும் படிப் பக்கமாக நின்று அவரைப் பார்த்தாள். திரும்ப வந்து கழுத்துப் பொத்தானைக் கழற்றித் தளர்த்திவிட்டாள்.

மூடியைப் பிடித்திருந்தவர்கள் நெருங்கினார்கள்.

"மெதுவா மூடுங்க" என்றாள் அம்மா. "சத்தம் வேண்டாம்."