உள்துணி

ரேணுகாம்பாளுக்கு அவள் அப்பா கல்யாணத்தில் கொடுத்தது ஒரு இலவம்பஞ்சு மெத்தை. அதில் குழந்தை ஒண்ணுக்குப் போன அன்றுதான் அருணகிரி அவளை முதல் முறையாக அடித்தான்.

அவன் கடலை லோடு லாரிக்கு டிரைவர். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குவான். கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரே அறை வீடு. முதுகில் ஈரம் பட்டு எழுந்தவன், பக்கத்தில் கிடந்த பெண் குழந்தையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். தோடு தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு தரையில் ஈரம் கண்டாலும் அடி, வீட்டில் நாற்றம் வந்தாலும் அடி.

அதனால் அவள் குழந்தைக்கு இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிவைத்தாள். அருணகிரியின் அக்கா காசியம்மாள், புருஷனை இழந்து தம்பியோடு இருந்தவள், ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை செய்தாள். கிழிந்த விரிப்புகளை அவள்தான் கொண்டு வருவாள். சோடா போட்டுத் துவைத்துத் துவைத்து மொடமொடத்த முரட்டுத் துணி. அதை இரண்டாக மடித்து இடுப்பில் கட்டினால் ஈரம் வெளியே வராது. ஆனால் எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் குழந்தையின் தொடை இடுக்கு சிவந்து, தோல் உரிந்து, நிணம் கட்டியது.

"அவுத்து உடு ரேணு. காத்தாட கெடந்தாத்தான் ஆறும்" என்றாள் காசியம்மாள்.

"அவுத்து உட்டா உங்க தம்பி என்னை உரிச்சுடுவாரு அண்ணி."

காசியம்மாள் ஓலை விசிறியை எடுத்துக் குழந்தைக்கு விசிறினாள்.

பக்கத்து வீட்டு சாயிரா பானுவின் புருஷன் தையல்காரர். வெட்டி மிஞ்சிய மெல்லிய மல் துணியில் இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள் அவள். "முரட்டுத் துணி மேல படக்கூடாது ரேணுகா. இதை நாலா மடிச்சு உள்ள வை. நனைஞ்சா உள்துணியை மட்டும் உருவிப் போட்டுட்டு வேற வை."

"ஒரு துணிக்கே புண்ணு வேவுது. அதுக்குள்ள இன்னொண்ணா?" என்று காசியம்மாள் சண்டைக்கு வந்தாள். "சூடு ஜாஸ்தியாயிடும்டி."

இருந்தாலும் ரேணுகாம்பாள் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் நிணம் வற்றியது. காசியம்மாள் தொடையை விரித்துப் பார்த்துவிட்டு, அடுப்பில் பானை ஏற்றினாள். உள்துணிகளைக் கொதிக்கவைத்து அலசுவது அன்றிலிருந்து அவள் வேலையானது.

பிறகு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு துண்டும் போதவில்லை. முரட்டுத் துணி மறுபடி பட்டதும் புண் வாய் திறந்தது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போனது. ரேணுகாம்பாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். லாரி முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கென்று அருணகிரி வாங்கிவைத்திருந்த மல் வேட்டி மேலாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பல்லால் கடித்து, கரை வரைக்கும் கிழித்தாள்.

மறுநாள் மத்தியானம் காசியம்மாள் அடுப்பில் உள்துணிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது, அவன் குளித்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தான். பாதி வேட்டிதான் இருந்தது. மீதி எங்கே என்று அவன் கேட்கவில்லை. குழந்தையின் இடுப்பில் கரை தெரிந்தது.

"பீ தொடைக்கவாடி வாங்கினேன் இதை?"

குனிந்து துணியைப் பிடித்து இழுத்தான். புண்ணோடு ஒட்டியிருந்த துணி தோலையும் பிய்த்துக்கொண்டு வந்தது. குழந்தை வீறிட்டது. தொடையில் ரத்தம் இறங்கியது.

ரேணுகாம்பாள் அவன் கையில் பாய்ந்து கடித்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து நிலைக்கட்டையில் தலையை மோதினான். கண் இருட்டியது. கீழே விழுந்தவளை இடுப்பிலும் வயிற்றிலும் மிதித்தான். அடுப்பங்கரையில் பானையைக் கிளறும் கட்டை அவள் கைக்கு எட்டியது. எடுத்து அவன் முழங்காலில் ஓங்கி அடித்தாள்.

"பச்சப் புள்ளடா அது! மிருகமாடா நீ?"

அவனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் கட்டையைப் பிடுங்கினான். முதல் அடியில் அவளுடைய இடது முன்கை முறிந்தது. அந்தச் சத்தம் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. அவள் தவழ்ந்துபோய்க் குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். முதுகில் ஓர் அடி விழுந்தது. இன்னோர் அடி. அவன் மறுபடி கட்டையை ஓங்கினான்.

"அருணகிரி, போடுறா கீழ" என்றாள் காசியம்மாள்.

"நீ கம்முனு இரு."

அவள் கந்தைத் துணியால் பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கொதித்த துணியும் தண்ணீருமாக அவன் கால்களில் கொட்டினாள்.

அவன் அலறல் தெருமுனை வரை கேட்டது. சாயிரா பானு ஓடிப்போய் ஜட்கா அழைத்து வந்தாள். ஒரே வண்டியில் மூவரும் போனார்கள். அவன் பாதங்களில் தோல் வெந்து தொங்கியது. ரேணுகாம்பாள் முறிந்த கையை மடியில் வைத்திருந்தாள். குழந்தையை வைத்திருந்த காசியம்மாள் தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"பானை கவுந்துடுச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னான் அருணகிரி.

"இல்ல டாக்டர்" என்றாள் காசியம்மாள். "நான்தான் ஊத்தினேன்."

போலீஸ் வந்து விசாரித்தது. அக்காள் மேல் புகார் இல்லை என்று அவன் கைநாட்டு வைத்தான்.

காசியம்மாள் தினமும் கஞ்சி கொண்டுபோனாள். அவன் தட்டிவிடுவான். துடைத்துவிட்டு மறுநாளும் கொண்டுபோவாள். ஒருநாள் அவன் கேட்டான்:

"எம் பொண்டாட்டிய நான் அடிச்சேன். உனக்கு இன்னா?"

"உங்க மாமாவும் அப்படித்தான் சொல்வாரு. ஒருநாள் அவர் என்னை அடிச்சு முடிக்கிற வரைக்கும் நீ வாசல்லயே நின்னுட்டு இருந்தே. ட்ரவுசர்லயே ஒண்ணுக்குப் போயிட்டே. நான்தான் கழுவி உட்டேன். அன்னிக்கு உன்னை நான் அடிச்சேனாடா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் வைத்துவிட்டு வந்த கஞ்சியை அன்று குடித்தான் என்று பக்கத்துக் கட்டில்காரர் பிறகு சொன்னார்.

புண் ஆறியும் வலது கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. லாரி ஓட்ட முடியவில்லை. முதலாளி கீழ்பென்னாத்தூர் கிடங்கில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார். அவன் அங்கேயே தங்கிவிட்டான். "உனக்கு மனசிருந்தா போ, நான் தடுக்கல" என்றாள் காசியம்மாள். ரேணுகாம்பாள் போகவில்லை. கை கோணலாகக் கூடியது. அந்தக் கையோடு அவளும் லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தாள்.

நான்கு வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் ஜன்னலோரம் அவனைப் பார்த்தாள். முன்தலை வழுக்கையாகியிருந்தது. அவனும் பார்த்தான். அவள் பக்கத்தில் நின்ற குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளை விட்டுக் குழந்தையைப் பார்த்தான். என்னவோ கேட்க வாய் எடுத்தான். பஸ் நகர்ந்துவிட்டது.

எந்த பஸ் கிளம்பினாலும் கையாட்டுகிற மகள், அதற்கும் கையாட்டினாள். ரேணுகாம்பாள் தடுக்கவில்லை.