ஐந்தாம் டேங்கின் அடித்தகடு

சந்தாபுரா பக்கத்து எண்ணெய்க் கிடங்கை ஒட்டிய தெருவில் போர்வெல் தண்ணீர் டீசல் வாடை அடித்தது. ஐந்தாம் டேங்கைக் காலி செய்து திறந்தார்கள். அடித்தகடு அப்பளமாய் நொறுங்கியது.

எந்த டேங்கை எப்போது திறந்து சோதிப்பது என்று திட்டம் போட்டவன் கிஷோர். சிவாஜிநகர் ஆபீஸில் ஏ.சி.யில் உட்கார்ந்து போட்ட திட்டம். நான்காம் டேங்கை அளந்தபோது துரு கொஞ்சம்தான் இருந்தது. ஐந்தாவதும் அதே வருஷம் கட்டியது, அதே டீசல். அந்தக் கணக்கையே இதற்கும் வைத்து, சோதனையை ஐந்து வருஷம் தள்ளிப்போட்டான். கெட்டிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. துரு தகட்டுக்குக் கீழே, தேங்கிய மழைத்தண்ணீரில் பிடித்திருந்தது.

கிடங்கின் பராமரிப்பு மேனேஜர் க்ளென் போன மழைக்காலத்திலேயே போனில் கேட்டிருந்தார்.

"கிஷோர், அஞ்சாவது அடியில தண்ணி நின்னுட்டே இருக்கு. இந்த வருஷமே ஓபன் பண்ணிடலாமா?"

"நாலும் அஞ்சும் ட்வின்ஸ் சார். ஒண்ணுக்கு ஜுரமே இல்ல, இன்னொண்ணுக்கு எதுக்கு ஊசி?"

அந்தக் கிண்டலை அன்று கேன்டீனிலும் சொல்லிச் சிரித்தான். இப்போது நினைத்தாலே காது சுட்டது.

விசாரணைக்காகக் கிடங்கின் தலைமை அதிகாரி ஜெயலட்சுமி இருவரையும் அழைத்திருந்தார்.

"டேங்கைத் திறக்கணும்னு க்ளென் உங்ககிட்ட முன்னாடியே கேட்டாரா? கேக்கலைன்னா ஹெட் ஆபீஸ் அவரைத்தான் சஸ்பெண்ட் பண்ணும்."

கேட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அப்படி எதுவும் எனக்கு வரல மேடம்."

சொன்ன குரல் தன்னுடையதுதான் என்று நம்பவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. க்ளென் மறுத்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை.

ஜெயலட்சுமி கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு க்ளென் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினார். நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன். உங்க ஜோக்குக்கு நானும் சிரிச்சேன், கேட்டதோட விட்டுட்டேன். அதை ஹெட் ஆபீஸுக்குக் காலையிலயே சொல்லியாச்சு. உங்க பங்கை நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

கிஷோருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"விடுங்க மேடம்," என்றார் க்ளென். "பாவம், பயந்துட்டான்."